ரோட்ஸ் முற்றுகை: ஹெலெபோலிஸ் சேற்றில் சிக்கியதா, தீயில் வெந்ததா?

கொருக்குப்பேட்டை வாசகன் (கேள்வி):

வணக்கம். தண்டையார்பேட்டையில் ஒரு நூலகத்தில் பிள்ளைகளுக்கு அலெக்சாண்டருக்குப் பிந்தைய அரசர்களின் சண்டைகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசப் போகிறேன். கி.மு. 305–304இல் கிரேக்கத் தீவு நகரமான ரோட்ஸை அரசர் டிமெட்ரியஸ் முற்றுகையிட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர் கட்டுவித்த ஹெலெபோலிஸ் என்ற சக்கரம் வைத்த முற்றுகைக் கோபுரத்தை 1:50 அளவில் மரத்தில் செய்து காட்டத் திட்டம். அங்கேதான் சிக்கல்.

உயரம் பழைய கிரேக்க, ரோமானிய ஆசிரியர்களிடம் ஆளுக்கொன்றாக இருக்கிறது. டயடோரஸ் மூலைத் தூண்கள் 100 முழத்துக்குக் கொஞ்சம் குறைவு என்கிறார். புளூட்டார்க் 66 முழம் என்கிறார். விட்ருவியஸ் 125 ரோமானிய அடி என்கிறார். எதை வைத்து மரம் அறுப்பது?

அடுத்து, கோபுரம் எப்படித் தோற்றது? சேற்றில் சிக்கியது என்று ஓரிடத்தில் படித்தேன், ரோட்ஸ்காரர்கள் தீ வைத்தார்கள் என்று இன்னொரு இடத்தில்.

கடைசியாக, பக்கத்தில் வேலை செய்யும் சின்ன எறிபொறி ஒன்றும் வைக்க ஆசை. கயிறு காசிமேட்டிலேயே கிடைக்கும். எந்தக் கயிறு, எவ்வளவு பருமன்?


பழைய வண்ணை:

அளவுக்கு மட்டும் நான் சொல்கிறேன் சார்.

முதலில் ஒரு வசதி. கிரேக்க அளவு நம் பாட்டி துணி அளந்த அளவேதான். 12 விரல் ஒரு சாண், 2 சாண் ஒரு முழம். முழத்தை 46 செ.மீ. என்று வையுங்கள். பிள்ளைகளிடம் கையை நீட்டச் சொன்னாலே புரிந்துவிடும்.

டயடோரஸ் சொல்லும் 100 முழம் தூணின் நீளம், அது உள்பக்கம் சாய்ந்து நின்றது, ஆகவே கோபுரம் அதைவிடக் குள்ளம் என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அடிப்பக்கம் 50 முழம், அதாவது 23 மீட்டர். உச்சித் தளம் 9 அகைனா, சுமார் 900 சதுர அடி என்பதால் பக்கத்துக்கு 9 மீட்டர். ஒவ்வொரு மூலையும் குறுக்குவாக்கில் 10 மீட்டர்தான் உள்ளே வருகிறது. 46 மீட்டர் தூணில் அந்தச் சாய்வு குறைப்பது ஒரு மீட்டர். சமாதானம் நிற்காது.

என் தீர்ப்பு புளூட்டார்க் பக்கம். அடி 48 முழம் (22 மீட்டர்), உயரம் 66 முழம் (30 மீட்டர்), மேலே போகப் போகக் குறுகுகிறது. இந்த விகிதத்தில் கோபுரம் காற்றுக்கும் மேடுபள்ளத்துக்கும் தாங்கும். விட்ருவியஸ் தரும் 60 அடி அகலம், 125 அடி உயரம் என்பது 18 மீட்டருக்கு 37 மீட்டர், அகலத்தைப் போல் இரண்டு மடங்கு உயரம். அதுவும் நடக்கக்கூடியதுதான். ஆனால் ஒருவரின் அடியை இன்னொருவரின் உயரத்தோடு சேர்த்துவிடாதீர்கள். பார்க்கும் மாதிரிகள் பலவற்றில் இந்தத் தப்புதான் நடக்கிறது. 1:50 அளவில் புளூட்டார்க் கணக்கு: அடி 44 செ.மீ., உயரம் 61 செ.மீ., ஒன்பது தளம். தளத்துக்கு ஏழு செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக வரும்.

எடை விட்ருவியஸிடம் இருக்கிறது: 3,60,000 ரோமானிய ராத்தல், நம் கணக்கில் சுமார் 118 டன். எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னரில் முழுச் சுமை ஏற்றியது ஒன்று 30 டன் என்றால், அப்படி நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எட்டே சக்கரத்தில் உருட்டுவதாக நினையுங்கள். சக்கரத்துக்கு 15 டன் அழுத்தம். அதனால்தான் சக்கர விளிம்பின் கனம் 2 முழம், மேலே தடித்த இரும்புத் தகடு. உங்கள் மாதிரியில் சக்கரக் கனம் 18 மி.மீ. வர வேண்டும். மெல்லிய வண்டிச் சக்கரம் போட்டால் அது வேறு பொறி. பக்கவாட்டிலும் நகரும்படி சக்கரங்களுக்குத் திசை திரும்பும் சுழல் அமைப்பு இருந்தது, அதையும் விடாதீர்கள்.

முன்பக்கமும் இரு பக்கவாட்டும் இரும்புத் தகடு. ஒவ்வொரு தளத்திலும் எறிபொறிக்குச் சாளரம், சாளரத்துக்கு மூடி. மூடி பலகையில்லை, தோலுக்குள் கம்பளி திணித்த மெத்தை. கல் வந்து விழுந்தால் அதிர்வை வாங்கிக்கொள்ளும். உள்ளே ஏற ஒரு படிக்கட்டு, இறங்க ஒரு படிக்கட்டு. குண்டு சுமந்து ஏறுபவனும் வெறுங்கையோடு இறங்குபவனும் மோதாமல் இருக்க இந்த ஏற்பாடு. பின்பக்கத்தைத் திறந்து விட்டால் பிள்ளைகளுக்குப் படிக்கட்டு தெரியும்.

தள்ளியவர்கள் 3,400 பேர் என்று டயடோரஸ் சொல்கிறார், சிலர் உள்ளே, மற்றவர்கள் பின்னால். 23 மீட்டர் சதுரத்துக்குள் உத்தரமும் சக்கரமும் போக மிச்ச இடத்தில் ஆயிரம் பேர் நிற்பதே நெருக்கடி. இது முறை மாற்றி வேலை செய்த மொத்த ஆள் கணக்கு என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.


நொச்சி மதில்:

சேறா தீயா என்ற கேள்விக்கு வருகிறேன். மூன்றாவது கதையும் இருக்கிறது தோழர்: பிற்கால ரோமானிய ஆசிரியர் வெகேஷியஸ் சொல்வது சுரங்கம். மதிலுக்கு அடியில் தோண்டிக்கொண்டு வெளியே போய், கோபுரம் மறுநாள் வரப்போகும் தடத்துக்குக் கீழே மண்ணை எடுத்துவிட்டார்கள், சக்கரம் இறங்கிவிட்டது என்கிறார்.

சேற்றுக் கதை விட்ருவியஸுடையது. ரோட்ஸில் தியோக்னேட்டஸ் என்ற கட்டடக்கலைஞர் ஊர்ச் சம்பளத்தில் இருந்தார். அராடஸிலிருந்து வந்த காலியாஸ் ஒரு சின்ன மாதிரியைக் காட்டினார். மதில்மேல் சுழலும் பாரந்தூக்கி, அது கீழே வரும் முற்றுகைக் கோபுரத்தை அப்படியே தூக்கி உள்ளே வைத்துவிடும். மாதிரி அழகாக வேலை செய்தது. ஊர் தியோக்னேட்டஸின் சம்பளத்தைப் பிடுங்கி அவருக்குக் கொடுத்தது. ஏதென்ஸ்காரர் எபிமாகஸ் கட்டிய நிஜக் கோபுரம் வந்து நின்றதும், இதைத் தூக்க முடியாது என்று காலியாஸ் ஒப்புக்கொண்டார். நீளம் இரண்டு மடங்கானால் கயிற்றின் பலம் நான்கு மடங்கு, தூக்க வேண்டிய எடை எட்டு மடங்கு. மாதிரி செய்கிற நீங்கள் இந்தக் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள். பிறகு ஊர் போய்க் கெஞ்ச, தியோக்னேட்டஸ் மதிலில் ஓட்டை போட்டு, வீட்டுக்கு வீடு தண்ணீர், சாக்கடை, சேறு எல்லாவற்றையும் வாய்க்கால் வழியே இரவில் வெளியே கொட்டச் செய்தார். மறுநாள் கோபுரம் சதுப்பில் புதைந்தது.

மழை விட்ட மறுநாள் மணலியில் சாலை ஓரத்து மண்ணில் இறங்கிய டிரெய்லரைப் பார்த்தவருக்கு இது நம்பக்கூடிய கதைதான். இயற்பியல் சரி. ஆனால் வரிசை உதைக்கிறது. விட்ருவியஸ் சொல்லில் கோபுரம் அங்கேயே நின்றுபோகிறது, டிமெட்ரியஸ் கிளம்பிவிடுகிறார். டயடோரஸ் நாள்வாரியாகச் சொல்லும் நிகழ்ச்சிகளில் அந்தக் கோபுரம் வேலை செய்தது. கப்பல் ஆட்களை வைத்து 4 ஸ்டேடியம் நீளம், சுமார் 740 மீட்டர், நிலத்தைச் சமன் செய்தார்கள். ஏழு காவல் கோபுரங்களுக்கும் அவற்றுக்கு நடுவிலிருந்த ஆறு மதில் துண்டுகளுக்கும் எதிரே வேலை விரிந்தது. மண் நிரப்புவோருக்கு எட்டு கூரைவண்டிகள், இன்னும் பெரிய இரண்டில் தலா 120 முழ மோதுமரம். சதுரக் கல்லால் கட்டிய பலமான காவல் கோபுரம் ஒன்று சரிந்தது, அதையடுத்த மதிலும் உடைந்து, மேலே நடக்க வழியில்லாமல் போனது.

தீ அதற்குப் பிறகு. நிலவில்லாத ஒரு இரவில் ரோட்ஸ்காரர்கள் சேர்த்து வைத்திருந்த பொறிகள் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் இயக்கினார்கள். இரும்புத் தகடுகள் சில கழன்று விழ, மரம் வெளியே தெரிந்த இடத்தில் தீயம்பு பிடித்தது. கோபுரத்திலேயே தண்ணீர் வைத்திருந்ததால் அணைத்தார்கள், இழுத்துக்கொண்டு பின்வாங்கினார்கள். விடிந்ததும் டிமெட்ரியஸ் செய்த காரியம்தான் எனக்குப் பிடித்தது. விழுந்து கிடந்தவற்றை எண்ணச் சொன்னார். தீயெறிகள் 800க்கு மேல், பொறியம்புகள் 1,500க்குக் குறையாமல். எதிரியின் கிடங்கில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்கும் வழி அது. இப்படி எண்ணிக்கை தரும் ஆசிரியரின் வரிசையை நான் நம்புகிறேன். சேற்றை ரோட்ஸ் ஊர்க்காரர்கள் பின்னால் சொல்லிக்கொண்ட கதையாக வைக்கிறேன்.

அந்த அவகாசத்தில் உள்ளே என்ன நடந்தது என்பதையும் காட்டுங்கள். உடையப்போகும் மதிலுக்குப் பின்னால் ஏற்கெனவே இரண்டாவது மதில் எழுந்திருந்தது, அதற்குக் கல்லாக நாடக அரங்கின் சுற்றுச்சுவரையும் பக்கத்து வீடுகளையும் சில கோயில்களையும் இடித்தார்கள். இப்போது பிறை வடிவில் இன்னொன்று, கூடவே அகழி. உழிஞைக்காரன் (முற்றுகையிடுபவன்) ஒரு மதிலை உடைப்பதற்குள் நொச்சிக்காரன் (மதில் காப்பவன்) அடுத்ததை எழுப்பிவிடுகிறான். கோபுரத்தை நகர்த்த 740 மீட்டர் தரை சமன் வேண்டும், உள்ளே மதில் எழுப்பக் கல்லும் கையும் போதும். இந்த வேகப் போட்டியில்தான் ஹெலெபோலிஸ் பின்தங்கியது.


காசிமேடு கயிறு:

கயிறு கேள்விக்கு வர்றேன் அண்ணா.

எறிபொறியோட உயிர் வில்லுல இல்ல, ரெண்டு பக்கமும் செங்குத்தா நிக்கிற முறுக்குக் கயித்துக் கட்டுல. கட்டுக்கு நடுவுல ஒரு மரக்கை. நாணை இழுத்தா கை கட்டை முறுக்குது, விட்டா கட்டு தன்னை நேராக்கிக்கும். அந்தக் கட்டு போற ஓட்டையோட விட்டம் தெரிஞ்சா மொத்தப் பொறியும் தெரிஞ்ச மாதிரி. மத்த எல்லா உறுப்பும் அந்த விட்டத்துக்கு இத்தனை மடங்குன்னு எழுதி வச்சிருக்காங்க.

கல் எறியுற பொறிக்கு பைசான்டியம் ஃபிலோன் சொல்ற கணக்கு: கல்லோட எடையை மினாவுல எடு, நூறால பெருக்கு, கனமூலம் எடு, அதோட பத்துல ஒரு பங்கைச் சேர். வர்றது விரல் கணக்குல விட்டம். மினா 436 கிராம், விரல் 19.3 மி.மீ. 10 மினா கல்லுன்னா ஆயிரத்துக்குக் கனமூலம் 10, கூட 1, மொத்தம் 11 விரல், அதாவது 21 செ.மீ. ஒரு தாலந்து கல்லுக்கு, 60 மினா, 26 கிலோ, 20 விரல் வரும். 39 செ.மீ. விட்டத்துல ஒரு கயித்துக் கட்டு, அதுவும் ரெண்டு. அம்பு எய்யுற பொறிக்கு இன்னும் சுலபம்: அம்பு நீளத்துல ஒன்பதுல ஒரு பங்கு. மூணு சாண் அம்புக்கு 4 விரல்.

நம்ம அளவுக்கு மாத்தினா: மி.மீ. விட்டம் = 13 × கிராம் எடையோட கனமூலம். கோலிக்குண்டு 5 கிராம்னா 22 மி.மீ. ஓட்டை. 1:50 கோபுரத்துக்குள்ள வைக்கிற தாலந்துப் பொறிக்கு ஓட்டை 7.7 மி.மீ., அது எறியுற குண்டு 0.2 கிராம், ஒரு காராமணி அளவுதான். அதை வேலை செய்ய வைக்க முயற்சி பண்ணாதீங்க. கோலிக்குண்டுக்கு தனியா ஒண்ணு செய்யுங்க.

அந்தக் காலத்துக் கயிறு விலங்குத் தசைநார், இல்லைன்னா மயிர். ஹெரோன் எழுதினதுல பன்றி தவிர மத்த விலங்கோட முதுகு, தோள் நார் எல்லாம் ஆகும், அதிகம் உழைச்ச இடத்து நார் நல்லது: மானுக்குக் கால், மாட்டுக்குக் கழுத்து. பெண்கள் கூந்தலும் எண்ணெயில ஊறவச்சு நல்லா வேலை செய்யும்னு சொல்றாரு.

இன்னைக்கு நைலான் வாங்குங்க. தேங்காய் நார்க் கயிறு வேணாம், அது நீளும், திரும்பி வராது. பி.பி. (பாலிபுரோப்பிலீன்) கயிறும் வேணாம், இழுத்துக் கட்டி ராத்திரி விட்டா காலையில தளர்ந்து கிடக்கும். முறுக்கின கயித்தை விட மெல்லிய நைலான் நூலையே நூத்துக்கணக்கான சுத்தா ஓட்டைக்குள்ள நிரப்புறது நல்லது, இடைவெளி குறையும்.

எங்க கெடும்னா, முதல்ல விளிம்பு. வளையத்தோட உள்விளிம்பு கூர்மையா இருந்தா முதல் பத்து எறிதல்லயே நூல் அறுந்துடும், உருட்டி அரம் போடணும். மர வளையம் பிளக்கும், பித்தளைக் குழாய்த் துண்டு போடுங்க. அவங்களும் வெண்கலம்தான் போட்டாங்க. ரெண்டாவது, ஒவ்வொரு சுத்தையும் தனித்தனியா இழுத்து, ஆப்பு வச்சுப் பிடிச்சு, அப்புறம் அடுத்த சுத்து. நூலோட பருமன் மூணுல ஒரு பங்கு குறையுற அளவுக்கு இழுக்கணும்னு பழைய கணக்கு. தளர்ந்த கட்டை பின்னால முறுக்கி முறுக்கிச் சரி பண்ணலாம்னு நினைக்காதீங்க, கொஞ்ச நேரம் சரியா இருக்கும், அப்புறம் இழை செத்துடும். ஃபிலோனும் இதைத்தான் குறை சொல்றாரு.

மூணாவது, ரெண்டு கட்டும் சமமா இருக்கணும். ஒண்ணு இறுக்கம் ஒண்ணு தளர்ச்சின்னா ஒரு கை முந்தும், குண்டு கோணலா போகும். சரிபார்க்கிற வழி காது: ரெண்டையும் தட்டுங்க, ஒரே சுருதி வரணும். பொறி செய்யுறவனுக்கு இசைக்காது வேணும்னு விட்ருவியஸ் சொல்றதுக்குக் காரணம் இதுதான். பறையைத் தீயில காட்டித் தட்டிப் பார்க்கிறவங்க நம்ம ஏரியாவுல இருக்காங்க, ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து கேக்கச் சொல்லுங்க, அரை நிமிஷத்துல சொல்லிடுவாங்க.

கடல்காத்து ஈரத்துல நைலானும் தொய்யும், நிகழ்ச்சி அன்னைக்குக் காலையில திரும்ப சுருதி பாருங்க. குண்டு இல்லாம வெறும் நாணை விடாதீங்க, கை உடையும். பிள்ளைங்க முன்னாலயும் நிக்கக் கூடாது, பக்கவாட்டுலயும் நிக்கக் கூடாது, பின்னால மட்டும்.


கொருக்குப்பேட்டை வாசகன்:

மூன்று பேருக்கும் நன்றி. அடி 44, உயரம் 61 என்று முடிவு. இன்னும் ஒன்று. இவ்வளவு பெரிய படை: 200 போர்க்கப்பல், 170க்கு மேல் துணைக்கப்பல், 40,000 போர்வீரர்கள். ரோட்ஸ் பக்கம் குடிமக்கள் 6,000, குடியேறியவர்கள் 1,000. ஒரு வருடம் எப்படித் தாங்கினார்கள்? மதில் மட்டும் காரணமாக இருக்க முடியாதே.


நொச்சி மதில்:

மதில் பாதிதான், தோழர். மீதி துறைமுகம். டிமெட்ரியஸ் முதலில் தாக்கியதும் அங்கேதான், நிலத்துக் கோபுரம் வந்தது அது தோற்ற பிறகு.

இரண்டு சரக்குக் கப்பல்களைச் சேர்த்துக் கட்டி அதன்மேல் நான்கு மாடிக் கோபுரம், அப்படி இரண்டு. இதேபோல் கூரையிட்ட பொறிமேடைகள் இரண்டு. முன்னால் ஆணி அறைந்த மரங்களை மிதக்கவிட்டு ஒரு தடுப்பு. ரோட்ஸின் தளபதி எக்செகெஸ்டஸ் மூன்றே கப்பலில் வந்து தடுப்பை உடைத்து, பொறி சுமந்த இரண்டைக் கவிழ்த்தார். காயப்பட்டுப் பிடிபட்டார். டிமெட்ரியஸ் மூன்று மடங்கு பெரிதாக இன்னொன்று கட்டினார். துறைமுகத்துக்கு இழுத்து வரும்போது தெற்குக் காற்று அடித்தது, அலை ஏறியது, கோபுரம் கவிழ்ந்தது. பாரம் உச்சியில், அடியில் இரண்டு தனித்தனி உடல், அலை இரண்டையும் வேறு வேறு நேரத்தில் தூக்கும். கட்டுமரம் தாழ்வாக இருப்பதன் காரணத்தை நம் கடற்கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதே குழப்பத்தில் ரோட்ஸ்காரர்கள் அலைத்தடுப்பின் முனையைப் பிடித்திருந்த 400 பேரையும் சரணடைய வைத்தார்கள்.

துறைமுகம் மூடப்படாததால் தானியம் வந்துகொண்டே இருந்தது. எகிப்து அரசர் தாலமி 3,00,000 அர்தபா (தானிய அளவு) அனுப்பினார். அர்தபாவுக்கு 30 கிலோ என்றால் 9,000 டன். மாசிடோனியாவின் கசாண்டர் 10,000 மெடிம்னஸ் (இன்னொரு தானிய அளவு) வாற்கோதுமை. திரேஸின் லைசிமாக்கஸ் 40,000 மெடிம்னஸ் கோதுமை, அதே அளவு வாற்கோதுமை. தாலமியின் கப்பல்கள் வரும்போது டிமெட்ரியஸின் கப்பல்கள் மறிக்கப் போயின, சாதகமான காற்றில் பாய் விரித்து அவை முந்தி நுழைந்தன. வெளியே போன ரோட்ஸ் கப்பல்கள் எதிரியின் சரக்கைப் பிடித்தன. ரோட்ஸ் தளபதி அமின்டாஸ் பிடித்த கப்பல்களில் எறிபொறி வல்லுநர்கள் 11 பேர் இருந்தார்கள். டிமெட்ரியஸுக்கு அது ஒரு கோபுரத்தை இழந்ததற்குச் சமம் என்பேன்.

ஏன் இந்த அரசர்கள் உதவினார்கள்? அன்பால் அல்ல. கி.மு. 306இல் சைப்ரஸ் சலாமிஸ் கடற்போரில் தாலமியை முறியடித்ததும் ஆன்டிகோனஸும் மகன் டிமெட்ரியஸும் அரசர் பட்டம் சூடிக்கொண்டார்கள். மற்ற தளபதிகளும் அதையே செய்தார்கள். ரோட்ஸின் வருமானம் எகிப்து வணிகத்தில் இருந்தது, தாலமிக்கு எதிராகச் சேர மறுத்தது. ரோட்ஸும் அதன் கப்பல்களும் ஆன்டிகோனஸ் கைக்குப் போனால் அடுத்த அடி தங்கள்மேல் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

ஊருக்குள்ளும் சரியாக நடந்துகொண்டார்கள். தைரியமாகப் போரிடும் அடிமையை ஊர்ப்பணத்தில் விலைக்கு வாங்கி விடுதலை செய்து குடியுரிமை தருவது என்று தீர்மானம். பிடிபட்டவர்களை மீட்கச் சுதந்திர ஆளுக்கு 1,000 திராக்மா, அடிமைக்கு 500 என்று டிமெட்ரியஸோடு முன்பே ஒப்பந்தம். ஊரில் நின்ற ஆன்டிகோனஸ், டிமெட்ரியஸ் சிலைகளை உடைக்க வேண்டும் என்று முற்றுகை நடுவில் தீர்மானம் வந்தது, மக்கள் தோற்கடித்தார்கள். பின்னால் சமாதானம் பேச அது வழியைத் திறந்தே வைத்தது.

கடைசிப் பெரிய முயற்சி, இரவில் 1,500 பேர் உடைந்த மதில் வழியே நுழைந்து நாடக அரங்குப் பகுதியைப் பிடித்தது. விடிந்ததும் வெளியே சுற்றிலும் தாக்குதல். மதிலில் நின்றவர்கள் தங்கள் இடத்தை விட்டு உள்ளே ஓடவில்லை, உள்ளே வந்தவர்களைத் தனிப்படை சூழ்ந்தது. தலைவர்கள் அல்கிமஸும் மான்டியாஸும் இறந்தார்கள். கி.மு. 304 ஒப்பந்தத்தில் ரோட்ஸுக்குத் தன்னாட்சி, காவல்படை இல்லை, வருமானம் அவர்களுக்கே. ஆன்டிகோனஸுக்குத் துணைநிற்க வேண்டும், தாலமிக்கு எதிரான போருக்கு மட்டும் விலக்கு. 100 பிணையாட்கள். டிமெட்ரியஸ் விட்டுச்சென்ற பொறிகளை விற்ற பணம் 300 தாலந்தில்தான் 70 முழச் சூரியதேவன் சிலை எழுந்தது என்று பிளினி சொல்கிறார். லிண்டஸ் ஊர்ச் சிற்பி கேரஸ் அதற்கு 12 வருடம் எடுத்துக்கொண்டார்.


காசிமேடு கயிறு:

ஒண்ணு விட்டுப்போச்சு அண்ணா. மயிர்க் கயிறுன்னு சொன்னா பிள்ளைங்க சிரிப்பாங்க, அப்போ இந்தக் கணக்கைச் சொல்லுங்க. கி.மு. 220ல பான்டஸ் அரசன் மித்ரிடேட்டஸ் கருங்கடல் கரை சினோப் ஊரைத் தாக்கப் போறான்னு தெரிஞ்சதும் ரோட்ஸ் அனுப்பின உதவிப் பட்டியல் பொலிபியஸ்கிட்ட இருக்கு. 10,000 ஜாடி திராட்சை மது, 1,000 முழுக் கவசம், 3,000 பொற்காசு, ஆட்களோட 4 கல்பொறி. இதோட பக்குவப்படுத்தின மயிர் 300 தாலந்து, தசைநார்க் கயிறு 100 தாலந்து. தாலந்துக்கு 26 கிலோன்னா மயிர் மட்டும் கிட்டத்தட்ட 8 டன், கயிறு 2.6 டன். முற்றுகையைத் தாங்கின ஊரு இன்னொரு ஊருக்கு அனுப்பினது இது. நாலு பொறிக்கு அத்தனை மயிர் தேவையில்ல, சினோப்காரங்க தாங்களே பொறி கட்டிக்கவும், முற்றுகை நடுவுல அறுந்ததை மாத்திக்கவும்தான். உங்க கோலிக்குண்டுப் பொறிக்கும் நூல் ரெண்டு மடங்கு வாங்கி வச்சுக்கோங்க, முதல் கட்டு நிச்சயம் வீணாகும்.